கழட்டிப் பார்த்த மனுஷன்: ஜி.டி. நாயுடு

இந்த இதழுக்கு ரெண்டு கட்டுரை கேட்டிருந்தாங்க. ஒண்ணு வழக்கம்போல ஒரு அறிவியல் ஆளுமையோட வாழ்க்கை. இன்னொண்ணு, டிவி ஸ்பீக்கர் போயிட்டா வீட்லயே மாத்துறது எப்படின்னு. முதலாவதுக்கு எடிசன், டெஸ்லா, கலாம்னு அதே பழைய வரிசை வந்துச்சு. மூணு பேரையும் பத்தி எழுதாத காலேஜ் இதழே கிடையாது. ரெண்டாவதுக்கு நாலு ஸ்க்ரூ, ரெண்டு ஒயர், முடிஞ்சது கதை. ரெண்டையும் சேர்த்து ஒரே ஆளை வெச்சு எழுதிடலாம்னு தோணினப்போ நினைவுக்கு வந்தவர் ஜி.டி. நாயுடு.

காரணம் இருக்கு. 1941-ல், ஐந்து வால்வு ரேடியோ ஒன்றை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தவர் அவர். இன்றைய டிவிக்கு அன்றைய வீட்டில் இருந்த அண்ணன் அந்த ரேடியோதான். ஒரு சாதாரணக் குடும்பம் காசு கொடுத்து வாங்கி, நடுக்கூடத்தில் வைத்து, அது மூச்சு விடாமல் போனால் கைபிசைந்து நிற்கும் பொருள். அந்தப் பெட்டியின் பின்மூடியைத் திறப்பதில் தப்பே இல்லை என்று நினைத்த ஒருவரின் கதை இது.

சூலூர் பக்கம் கலங்கல் என்ற கிராமம். அங்கே 1893 மார்ச் 23 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. தோட்ட வேலை, கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்கள், இவ்வளவுதான் அப்புறம். இதைப் பெருமையாகச் சொல்லி, படிப்பே வேண்டாம்னு முடிக்கிற மேடைப் பேச்சாளர்கள் நிறைய. அது அவரைப் பற்றிய ரொம்ப சோம்பேறித்தனமான வாசிப்பு. பிற்காலத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர் அவர். அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

இளவயதில் அவர் கண்ணில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிள் பட்டது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தது. மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டி. நம்மில் யாராயிருந்தாலும் அதை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும்னு ஆசைப்பட்டிருப்போம். இவருக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கணும். கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். ஏறக்குறைய மூன்று வருஷம் இலை போட்டு, சாம்பார் ஊற்றி, காசு சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த மாதிரி ஒரு வண்டியை வாங்கினார். வாங்கியதும் செய்த வேலை, பகுதி பகுதியாகக் கழட்டி, திரும்ப மாட்டியது. மூணு வருஷ சம்பளத்தைத் தரையில் நட்டு, போல்ட்டா பரப்பி வைக்க எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம லேப்ல காலேஜ் எஞ்சினைக் கழட்டறோம். மாட்ட முடியலைன்னா சார் இருக்கார். அவருக்கு யாரும் இல்லை.

அந்த வண்டி மறுபடி ஓடியது. அதோடு அவர் மெக்கானிக் ஆனார்.

நடுவில் பருத்தி வியாபாரம் ஒன்று வருகிறது. முதல் உலகப்போர் காலத்தில் திருப்பூரில் நல்ல சம்பாத்தியம். அதை எடுத்துக்கொண்டு பம்பாய் பருத்திச் சந்தைக்குப் போய் இழந்து திரும்பினார். இந்த இடத்தை வாழ்க்கை வரலாறுகள் ரெண்டு வரியில் தாண்டிவிடும். நானும் தாண்டுகிறேன்.

கோவையில் அப்போது மோட்டார் தொழிலில் பெரிய பெயர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவரிடம் போய்ச் சேர்ந்த நாயுடுவுக்கு, அவர் உதவியில் தவணைக்கு ஒரு பஸ் கிடைத்தது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அந்த ஒற்றை பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தார். ஓட்டுநர் அவரே. அந்த ஒற்றை பஸ்தான் பிறகு யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். ஆகி 200-க்கும் மேற்பட்ட பஸ்களாக வளர்ந்தது.

பஸ் கம்பெனி என்றால் நாம் டிக்கெட்டையும் வசூலையும் நினைக்கிறோம். அந்தக் காலத்தில் அது முக்கியமாக ஒரு ரிப்பேர் தொழில். சேஸிஸ் வெளிநாட்டில் இருந்து வரும். ஒரு பாகம் உடைந்தால் புதுசு கப்பலில் வரவேண்டும். அதுவரை வண்டி ஷெட்டில் நிற்கும். நிற்கிற வண்டிக்கு வசூல் கிடையாது. ஆக, உடைந்ததைத் தானே செய்யத் தெரிந்த ஒர்க்ஷாப் இருந்தால்தான் பஸ் கம்பெனி பிழைக்கும். நாயுடுவின் கண்டுபிடிப்புகள் எல்லாம் இந்த ஒர்க்ஷாப் புத்தியில் இருந்து முளைத்தவை என்பது என் எண்ணம். ஏற்கெனவே இருக்கிற பொருளைப் பிரித்து, எதற்கு இவ்வளவு விலை, எந்தப் பாகம் தேவையில்லை என்று பார்த்து, குறைந்த செலவில் திரும்பக் கட்டுவது. ஓசூர் சிப்காட்ல டூல் ரூமில் வேலை பார்க்கிற அண்ணன்களுக்கு இது புதுசே இல்லை.

1930-களில் ஐரோப்பாவுக்குப் போய் வந்தார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படமெடுத்தார். ட்ரை செல்லில் ஓடும் சின்ன மோட்டாரை வைத்து அவர் உருவாக்கிய ரசன்ட் என்கிற மின் சவரக் கருவி ஜெர்மனியில் தயாரானது. மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, கள்ள ஓட்டுப் போட முடியாத வாக்குப்பதிவு எந்திரம் என்று பட்டியல் நீளும். 1937-ல் பீளமேட்டில் நியூ எலக்ட்ரிக் ஒர்க்ஸில், டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் வெளிவந்தது. கோவை மோட்டார், பம்ப்செட் ஊராக மாறியதற்கு அது ஒரு தொடக்கம். நம்ம பக்கம் கிணத்துல இறங்கியிருக்கிற மோட்டார்ல எத்தனை கோயம்புத்தூர் பேரு இருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

இப்போ ரேடியோ.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனில் ஆரம்பித்தது. அடுத்த வருஷமே, 1939 மே மாதம், திருச்சி. தமிழ் கேட்கும் ரேடியோ வந்துவிட்டது. கேட்கிற செட்டு மட்டும் பணக்கார வீட்டில். பெரும்பாலானவை வெளிநாட்டில் இருந்து வந்தவை. அதற்கு மேல் தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணம் வேறு. இந்த நிலையில்தான் 1941-ல் ஐந்து வால்வு செட் 70 ரூபாய் என்ற அறிவிப்பு.

ஐந்து வால்வு என்றால் என்ன என்று இ.சி.இ. மக்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், நம்ம சிலபஸ்ல வால்வு செத்துப் போய் ரொம்ப நாளாச்சு. அந்தக் கால ஐந்து வால்வு சூப்பர்ஹெட் செட்டில் வழக்கமாக முதல் வால்வு வந்த அலையை இடைநிலை அதிர்வெண்ணாக மாற்றும். இரண்டாவது அதைப் பெருக்கும். மூன்றாவது அதில் இருந்து ஒலியைப் பிரித்துக் கொஞ்சம் தூக்கிவிடும். நான்காவது ஸ்பீக்கரை ஆட்டுகிற அளவுக்குச் சக்தி கொடுக்கும். ஐந்தாவது கரண்ட்டை டி.சி.யாக மாற்றித் தரும் ரெக்டிஃபையர். இதைவிடக் குறைத்தால் உள்ளூர் ஸ்டேஷன் மட்டும் கேட்கலாம். ஜெர்மனியில் 1933-ல் அரசே முன்னின்று கொண்டுவந்த மக்கள் ரேடியோ அப்படித்தான்: 76 மார்க் விலை, ரெக்டிஃபையரோடு சேர்த்து மூன்றே வால்வு. நாஜி அரசுக்குத் தன் குரல் வீட்டுக்கு வீடு கேட்டால் போதும். மக்கள் வேறு நாட்டு ஸ்டேஷனைத் தேடுவது அதற்குத் தேவையில்லை. நாயுடு சொன்னது விலை குறைந்த செட், ஆனால் ஐந்து வால்வு. அதாவது தூரத்து ஸ்டேஷனையும் பிடிக்கிற முழு ரேடியோ. இந்த ஒரு விவரத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அந்த செட்டின் கடைசிக் கண்ணி ஸ்பீக்கர். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925-ல் வெளியிட்ட அமைப்பைத்தான் உலகம் இன்னும் பயன்படுத்துகிறது. ஒரு காந்தம், அதன் நடுவே மெல்லிய இடைவெளி, அதற்குள் மிதக்கும் ஒரு சின்னக் கம்பிச் சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் கரண்ட் மாறி மாறி ஓடினால் அது முன்னும் பின்னும் ஆடும், கூம்பு காற்றைத் தள்ளும், நமக்குப் பாட்டுக் கேட்கும். 1941 ரேடியோவில் இருந்ததும் இதுதான், இன்று சுவரில் மாட்டியிருக்கிற எல்.இ.டி. டிவிக்குள் இருப்பதும் இதுதான். கூம்பு நீளவாக்கில் ஒடுங்கிவிட்டது, காந்தம் சின்னதாகி வலுவானது, அவ்வளவுதான் வித்தியாசம். வால்வு போச்சு, டிரான்சிஸ்டர் வந்துச்சு, ஐ.சி. வந்துச்சு, பிக்சர் டியூபே காணாமப் போச்சு. ஸ்பீக்கர் மட்டும் கிட்டத்தட்ட நூறு வருஷமா அப்படியே இருக்கு.

அதனால்தான் அது கெட்டுப்போகிற விதங்களும் மாறவில்லை, நாமே கண்டுபிடிக்கக் கூடியவையாகவே இருக்கின்றன. சிங்காரப்பேட்டை மாதிரி ஊரில் டிவியில் சத்தம் நின்றால் ஊத்தங்கரைக்கோ கிருஷ்ணகிரிக்கோ பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகணும். 43 இஞ்ச் டிவியோடு பஸ் ஏறிப் பாருங்கள், கண்டக்டர் முகத்தைப் பார்க்கணும். அங்கே போனால் போர்டு போச்சு, மாத்தணும், அந்தக் காசுக்குப் புது டிவியே வாங்கிடலாம் என்ற பதில் வந்தாலும் வரும். எல்லாக் கடையும் அப்படி இல்லை. ஆனால் கேட்கிறவனுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தால் பேச்சே வேற மாதிரி போகும்.

முதலில் டிவியைத் திறக்கவே வேண்டாம். ஹெட்போன் குத்திப் பாருங்க. அதில் சத்தம் தெளிவாக வந்தால், சேனலில் இருந்து ஒலி உள்ளே வருவது வரை எல்லாம் சரி. கோளாறு ஸ்பீக்கரிலோ அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரிலோ. ஹெட்போனிலும் இல்லையென்றால் ஸ்பீக்கர் மேல் பழி போட வேண்டாம். செட்டிங்கில் ஒலி வெளி ஸ்பீக்கருக்குப் போகும்படி யாராவது மாற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். வீட்டில் ஆறு வயசுப் பையன் இருந்தால் பாதி கேஸ் இங்கேயே முடிஞ்சுடும்.

திறப்பதென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு கொஞ்ச நேரம் காத்திருங்கள். பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். அந்தப் போர்டு பக்கம் கை போகவே கூடாது. திரை கீழே இருக்கும்படி மெத்தையான போர்வை மேல் படுக்க வைத்து பின்மூடியை எடுங்கள். திரை ஓரத்து ரிப்பன் ஒயர்களைத் தொடாதீர்கள். 2006-ல் ஆட்சிக்கு வந்த அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி இன்னும் ஓடுகிற வீடு இருந்தால், அந்தப் பழைய பிக்சர் டியூப் டிவியை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கும். அது தெரிந்தவர் வேலை.

எல்.இ.டி. டிவிக்குள் இடது, வலது என்று இரண்டு ஸ்பீக்கர் இருக்கும். நாலு ஒயர், ஒரு கனெக்டர். ஒரு பக்கம் மட்டும் சத்தம் இல்லையா? அணைத்த நிலையில் இரண்டு ஸ்பீக்கரின் ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்து, மூடியை வைத்துவிட்டு, போட்டுப் பாருங்கள். ஊமையாக இருந்த ஸ்பீக்கர் பேசி, பேசிக்கொண்டிருந்தது ஊமையானால் கோளாறு போர்டில். அதே ஸ்பீக்கர் இன்னும் ஊமை என்றால் அதுதான் குற்றவாளி. இந்த ஒரு சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம்.

மீட்டர் இருந்தால், ஸ்பீக்கரைத் தனியாகக் கழட்டி ஓம் அளவில் வையுங்கள். மேலே 8 ஓம் என்று அச்சடித்திருந்தால் மீட்டரில் 6, 7 என்று கொஞ்சம் குறைவாகவே காட்டும், அது சரி. எழுதியிருப்பது ஏ.சி. இம்பிடன்ஸ், மீட்டர் அளப்பது கம்பியின் டி.சி. எதிர்ப்பு. ஒன்றுமே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது முனையில் இருந்து கூம்புக்குப் போகும் மெல்லிய பின்னல் கம்பி ஆடி ஆடி அறுந்திருக்கிறது. பின்னல் கம்பி என்றால் ஒரு சொட்டு ஈயத்தில் பற்ற வைத்து உயிர் கொடுக்கலாம். மீட்டர் இல்லாத வீட்டில் ஒரு பென்சில் பேட்டரி போதும்: ரெண்டு முனையிலும் தொட்டுத் தொட்டு எடுத்தால் நல்ல ஸ்பீக்கர் டப் டப் என்று சத்தம் போடும். கரகரப்பு என்றால் கூம்பை இரண்டு விரலால் சமமாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசினால் சுருள் நகர்ந்துவிட்டது, மாற்றுவதுதான் வழி. கூம்பில் சின்னக் கிழிசல் என்றால் டிஷ்யூ பேப்பரும் வெள்ளைப் பசையும் போதும்.

மாற்றும்போது அதே ஓம், அதே அல்லது கொஞ்சம் கூடுதல் வாட். 8 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் போட்டால் சத்தம் கூடுவது போலத் தெரியும், கொஞ்ச நாளில் ஆம்ப் ஐ.சி. சூடாகிப் போகும். பிளஸ், மைனஸ் கவனம். ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தால் ரெண்டு கூம்பும் எதிரெதிராக ஆடி, பேஸ் காணாமல் போய், வசனம் கிணற்றுக்குள் இருந்து பேசுவது மாதிரி இருக்கும். இன்னொன்று: இப்போதைய டிவிகளில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் இரண்டு ஒயருமே ஆம்ப்ளிஃபையரில் இருந்து வருபவை. மைனஸ்தானே என்று ஒன்றை பாடியில் தொட்டுவிட்டால் கதை முடிந்தது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. கம்பெனிகள் மேனுவலும் உதிரி பாகமும் கொடுக்கணும் என்ற பேச்சு அதில் இருந்துதான் இங்கே சூடுபிடித்தது. சட்டம் வரட்டும், நல்லதுதான். அதற்குள் பின்மூடியைத் திறக்கத் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருந்தால் தேவலை.

நாயுடுவின் அடுத்த சண்டை அந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதான்.

1945. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப். அவர் பெயரில் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் வந்தன. நாயுடுவின் முயற்சியும் நன்கொடையும் அதற்குப் பின்னால் இருந்தன. கோயம்புத்தூரில் ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் இறங்கியிருப்பீர்கள். அந்தப் பெயர் இதில் இருந்து வந்ததுதான். அந்தக் கல்லூரிதான் பிறகு இடம் மாறி, இன்றைக்கு நம்மில் பலர் கவுன்சிலிங்கில் முதல் சாய்ஸாகப் போட்டுக் கிடைக்காமல் போன ஜி.சி.டி. தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர் அதற்கு முதல்வராக இருந்தார்.

இருந்தது கொஞ்ச காலம். நாலு வருஷப் படிப்பு வீண் செலவு, ரெண்டு வருஷத்தில் ஒரு நல்ல பொறியாளரை உருவாக்கிவிடலாம் என்பது அவர் வாதம். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகு தொழில் பயிற்சியைத் தன் வழியில், குறைந்த காலப் பயிற்சிகளாக நடத்தினார்.

இதில் நான் முழுசா அவர் பக்கம் இல்லை. ரெண்டு வருஷத்தில் ரேடியோவைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொடுக்கலாம். 8 ஓம் ஏன் மீட்டரில் 7-ஆகக் காட்டுகிறது என்று புரிய வைக்க மின்சுற்றுக் கணக்கு வேணும். அந்த ஸ்பீக்கரைப் புதுசாக வடிவமைக்க அதற்கும் மேல வேணும். அதுக்கு நேரம் ஆகும். ஆனால் நாலு வருஷம் முடித்து, ஒரு சோல்டரிங் அயர்னை ஒழுங்காகப் பிடிக்காமல் வெளியே வருகிற நம்மை அவர் பார்த்திருந்தால், நான் இந்த வாதத்தை எந்த முகத்தோடு சொல்வேன்னும் தெரியலை. லேப் ரெக்கார்டை சீனியரிடம் வாங்கி அப்படியே பார்த்து எழுதுகிற வகுப்பு எது என்று கேட்டால் எல்லா வகுப்பும் கை தூக்கணும்.

சுதந்திரம் வந்தது. விலை குறைந்த பொருள் என்ற அவர் கனவுக்கு நல்ல காலம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை, தயாரிப்பு நின்றது. காலையில் அஸ்திவாரம் போட்டு மாலைக்குள் வீடு கட்டி முடித்துக் காட்டினார். ஊர் வேடிக்கை பார்த்தது. 70 ரூபாய் ரேடியோ வீட்டுக்கு வீடு வந்து சேரவில்லை. ரேடியோ நம் கிராமத்து வீடுகளுக்குள் நிஜமாக நுழைந்தது பிறகு டிரான்சிஸ்டர் காலத்தில், வேறு கைகள் வழியாக.

இதற்கு நடுவில் வரியோடு அவருக்கு ஓயாத மல்லுக்கட்டு. சம்பாதிப்பதில் பெரும்பகுதியை வரி எடுத்துக்கொண்டால் புதுசாக ஒன்றைச் செய்து பார்க்க யாரிடம் பணம் மிஞ்சும் என்பது அவர் கோபம். மேடைக்கு மேடை பேசினார். ஒரு கட்டத்தில், தான் உருவாக்கிய கருவிகளைப் பொதுமக்கள் முன்னாலேயே போட்டு உடைத்தார். ரேடியோவைச் செய்தவர், அதைக் கழட்டாமல் சுத்தியலால் அடித்த நாள். வரி பற்றி அவர் சொன்னது சரியா தப்பா என்று பொருளாதாரம் படிக்கிறவர்கள் சண்டை போடட்டும். வரி இல்லாமல் அரசு பாலிடெக்னிக்கும் இல்லை, அரசு பஸ்ஸும் இல்லை, இலவச டிவியும் இல்லை என்பது என் பக்கத்து நியாயம். ஆனாலும் ஒரு மெக்கானிக் தன் பொருளைத் தானே உடைக்கிற இடத்தில் நின்னு யோசிக்காமத் தாண்டிப் போக முடியலை. மாட்டுவதற்காகவே கழட்டியவர், வாழ்க்கை முழுக்க.

அப்புறம் அவர் கவனம் மெல்ல வேறு பக்கம் போனது. பருத்தி, பப்பாளி என்று செடிகளில் சோதனை. ஊர் ஊராகப் போய் எடுத்த புகைப்படங்கள், சேர்த்த கருவிகள். அவை எல்லாம் சேர்ந்து கோவை அவிநாசி சாலையில் ஒரு தொழில்நுட்பக் கண்காட்சியாக ஆயின. இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே பழைய கார்களுக்கு என்று ஜீ.டி. கார் மியூசியம் வேறு. டிபார்ட்மெண்ட்ல இண்டஸ்ட்ரியல் விசிட்னு சொல்லிட்டு ஊட்டிக்கு டூர் அடிக்கிற கூட்டம், போற வழியில் ரெண்டு மணி நேரம் அங்கே இறங்கலாம்.

1974 ஜனவரி 4 அன்று இறந்தார். வயது 80. சென்னைக்கு டெலிவிஷன் வந்தது அதற்கு அடுத்த வருஷம், 1975 ஆகஸ்ட் 15-ல். அந்தப் பெட்டி ஒன்றின் பின்மூடி கோயம்புத்தூரில் அவர் கையால் திறக்கப்படாமலே போச்சு.